காலண்டரில் இருந்த பிள்ளை

பால்மா டின் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பல் முளைக்காத வாய் தெரியச் சிரிக்கும் ஒரு குழந்தையின் படம் போட்ட காலண்டர், ஐம்பதுகளில் ஒரு வருஷம் முழுக்க அட்டன் கடைகளில் தொங்கியது. மஸ்கெலியா பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையிலும் தொங்கியது. வடையைக் கடித்துக்கொண்டே, "கொழுகொழுன்னு என்னா அழகு!" என்று சனங்கள் அண்ணாந்து பார்த்தார்கள். அந்தப் பிள்ளை என் மூத்த மகள். படம் எடுத்த நாள்வரை அவள் அந்த டின்னிலிருந்து ஒரு சொட்டுக் குடித்ததில்லை. அந்தக் கன்னத்தில் இருந்தது அத்தனையும் என் பால். இதை எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன். சொல்லச் சொல்ல ஆத்திரம் குறையும் என்பார்கள், எனக்குக் குறையவில்லை. அதனால் எழுதியும் வைக்கிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் மஸ்கெலியாப் பக்கம். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு, கைப்பிள்ளைக்காரிகள் பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு மலையேறுவோம். பிள்ளைக்காம்பரா என்றால் ஏதோ பெரிய கட்டடம் என்று நினைத்துவிட வேண்டாம். நாங்கள் குடியிருந்த லயத்துக் கோடியில் தகரம் போட்ட ஒரு நீள அறை, உத்தரத்திலிருந்து தொங்கும் சேலைத் தொட்டில்கள், மூலையில் ஓர் அடுப்பு, பார்த்துக்கொள்ள ஓர் ஆயா. அவ்வளவுதான்.

பத்து மணிக்குக் கொழுந்து நிறுத்து முடிந்ததும் கைப்பிள்ளைக்காரிகள் கீழே வந்து பால் கொடுத்துவிட்டுப் போவோம். பின்னேரம் இன்னொரு தடவை. பாலுக்கு இறங்குவது என்று அதற்குப் பேர். அதற்காகவே எங்களுக்குக் கிட்டத்து மலையில், பாதையோரத்து அடி நிரையை, கீழ்க்கோடிச் செடி வரிசையைக் கொடுப்பார்கள். கூடையை வைத்துவிட்டு நான் ஓடினால், பக்கத்து நிரையில் நிற்பவள் தன் நிரையோடு என் நிரையையும் கிள்ளி, என் கூடையில் போட்டு வைப்பாள். அதற்கு நன்றி சொல்லும் வழக்கம் கிடையாது. அவளுக்குப் பிள்ளை பிறக்கும்போது அவள் நிரையை நான் எடுப்பேன். தோட்டத்தை நடத்தும் எந்தத் துரையும் இதை எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

பிடியரிசியும் அப்படித்தான். உலை வைக்கும்போது ஒவ்வொரு குடும்பத்துக் காம்பராவிலும் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்போம். வெள்ளிக்கிழமை ஆயா வாளியோடு வருவாள். அந்த அரிசியில்தான் பிள்ளைக்காம்பராப் பிள்ளைகளுக்குக் கஞ்சி. பிள்ளை பெற்று உடம்பு தேறாமல் கிடப்பவளுக்கும் அதில்தான் பூண்டும் வெந்தயமும் போட்ட கஞ்சி. யாராவது பால்சுறாக் கருவாடு கொண்டுவந்து கொடுத்தால் அதையும் ஆக்கிக் கொடுப்பார்கள், பால் ஊறட்டும் என்று. பிடியரிசிச் சங்கம் என்று நாங்களே ஒரு பேர் வைத்துக்கொண்டோம். அதற்குத் தலைவி கிடையாது, காரியதரிசி கிடையாது. என் மகள் பிறந்தபோது நான் அந்தக் கஞ்சியைக் குடித்துத்தான் எழுந்து நின்றேன்.

நாங்கள் இந்த நாட்டுக்காரர்கள் இல்லை என்று கொழும்பில் கூடிப் பேசி முடிவுகட்டி, எங்கள் ஓட்டையும் பிடுங்கிவிட்டிருந்த காலம் அது. ஆகவே கொழும்பிலிருந்து யாரோ எங்களுக்குச் சும்மா ஏதோ கொடுக்க வருகிறார்கள் என்று பெரிய கிளாக்கர் பெரட்டில் வந்து சொன்னபோது யாரும் நம்பவில்லை.

"பால்மா கம்பெனி ஒண்ணு நல்ல காரியம் செய்யிற சங்கங்களுக்குத் தொழில் சொல்லிக் குடுக்க வர்றாங்க. காசு பணமில்ல, அறிவத் தானமா குடுக்கிறாங்க. ஒங்க பிடியரிசிச் சங்கத்தத்தான் மொதல்ல எடுத்திருக்காங்க" என்றார்.

எங்களுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எங்கள் வாளிக்கும் ஒரு மதிப்பு வந்ததே என்று அன்றைக்கு மலை முழுக்க அதே பேச்சுத்தான்.

வந்தவர் ஒரு மிஸ்ஸி. வெள்ளைச் சப்பாத்து, வெள்ளைக் கவுன். கம்பெனியின் சொந்தத் தாதி, ஆஸ்பத்திரி மிஸ்ஸி இல்லை. பிள்ளைகளை நிறுக்க ஒரு தராசும், சுவரில் மாட்ட ஒரு மணிக்கூடும், பாலூட்டிக் காட்ட ஒரு ரப்பர் பொம்மையும் கொண்டுவந்தார். பொய் சொல்லக் கூடாது, நல்லதும் சில சொன்னார். தண்ணீரைக் கொதிக்க வையுங்கள், கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள் என்றார். சவர்க்காரம் யார் கொடுப்பார்கள் என்று ஆயா கேட்டாள். அது பயிற்சியில் சேரவில்லை.

அரைத் தோட்டத்தைத் தூக்கி வளர்த்த அந்த ஆயா, சம்மணம் போட்டு உட்கார்ந்து ரப்பர் பொம்மைக்குப் போத்தலில் பால் கொடுக்கப் பழகினாள். பார்க்க எங்களுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. மணிக்கூட்டைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், அழுதாலும் நேரம் வராமல் தூக்கக் கூடாது என்றார் மிஸ்ஸி.

"பொம்ம அழுவாதுங்க மிஸ்ஸியம்மா, அதுக்கு மணி பாத்துக் குடுக்கலாம்" என்றாள் ஆயா. மிஸ்ஸிக்கு அது பிடிக்கவில்லை.

அப்புறம் சங்கத்தின் பக்கம் திரும்பினார். சங்கம் என்றால் ஓர் ஒழுங்கு வேண்டாமா? துரையின் மனைவி துரைசாணி தலைவியானார். கிளாக்கரின் மனைவி காரியதரிசியானார். 'தாய் சேய் நலச் சங்கம்' என்று பலகை எழுதி வாசலில் அடித்தார்கள். பிடியரிசி போட்ட ஒருத்திக்கும் அந்தச் சங்கத்தில் ஒரு பதவியும் இல்லை. வீடு வீடாக வாளி தூக்குவது பிச்சை எடுப்பதைப்போல இருக்கிறது, இனி வேண்டாம் என்றார் மிஸ்ஸி. பூண்டுக் கஞ்சி தாய்க்கும் ஆகாது பிள்ளைக்கும் ஆகாது என்றார். ஆயா வாளியைக் கழுவி மூலையில் கவிழ்த்து வைத்தாள். பிச்சை! எங்கள் அரிசியை எங்கள் பிள்ளைகளுக்கு நாங்களே கொடுத்தால் அதற்குப் பேர் பிச்சை, அவர்கள் கொண்டுவந்ததற்குப் பேர் தானம்.

தராசில் எல்லாப் பிள்ளைகளையும் போட்டு நிறுத்தார். என் மகள்தான் அதிக எடை காட்டினாள். மறுநாள் ஒரு படக்காரரைக் கூட்டிவந்தார்கள். மகளை என் இடுப்பிலிருந்து வாங்கி, கம்பளி விரித்து உட்காரவைத்து, மடியில் டின்னை வைத்தார்கள். அது பளபளவென்று இருந்ததால் இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தாள். படப்பெட்டிக்குப் பின்னால் நின்று ஆயா நாக்கைத் துருத்திக் காட்ட, அவள் சிரித்தாள்.

"இவ இந்தப் பாலு குடிக்கிறதில்லீங்களே மிஸ்ஸியம்மா" என்றேன்.

"அதனால் என்ன? இனிமேல் குடிக்கத்தானே போகிறாள்" என்றார்.

பயிற்சி முடிந்த நாளில் துரை வந்தார். மிஸ்ஸி போத்தல்களையும் மணிக்கூட்டையும் டின் அடுக்கையும் காட்டினார். துரை இங்கிலீசில் ஏதோ கேட்டார். மிஸ்ஸி சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். துரை தலையாட்டினார். கிளாக்கர் கை தட்டினார், அவரைப் பார்த்து நாங்களும் தட்டினோம். துரை கேட்டது என்னவென்று கிளாக்கரின் மனைவி பிறகுதான் சொன்னார். "அப்படியானால் தாய்கள் இனி வேலையை விட்டு இறங்கிவர வேண்டியதில்லையே?" என்று கேட்டாராம். "தேவையே இல்லை" என்றாராம் மிஸ்ஸி. அதற்குத்தான் நாங்கள் கை தட்டியிருக்கிறோம்.

மறுநாள் பெரட்டில் கங்காணி எங்களைத் தூரத்து மலைக்குப் பிரித்தார். அங்கிருந்து பிள்ளைக்காம்பராத் தகரம்கூடக் கண்ணுக்குத் தெரியாது.

"கைப்புள்ளக்காரிங்களுக்குக் கிட்டத்து மலதானுங்களே?" என்றேன்.

"அதெல்லாம் நேத்தோட முடிஞ்சிருச்சு. பாலுக்கு எறங்குறது இனி கெடையாது. புள்ளக்காம்பராவுலயே பாலு இருக்கு."

"அதுவும் தாய்ப்பாலும் ஒண்ணாங்க கங்காணியாரே?"

"எங்கிட்ட ஏன் கேக்குற? படிச்சவங்க சொல்லிட்டாங்க. தொர உத்தரவு போட்டுட்டாரு. போ, போய் நெரயப் புடி."

முதல் நாள் பத்து மணிக்கு நெஞ்சு கட்டிக்கொண்டு வலித்தது. பால் வழிந்து ரவிக்கை நனைந்து, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்குவரை ஈரம் இறங்கியது. பக்கத்து நிரையில் நின்ற அக்கா பார்த்துவிட்டாள். அவளுக்கு மூன்று பிள்ளைகள், மூன்று பேருக்கும் அவள் பாலுக்கு இறங்கியபோது நிரையைப் பார்த்தவர்கள் நாங்கள்.

"நீ எறங்குடி. நெரய நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

ஓடினேன். கொடுத்துவிட்டு ஓடிவந்தேன். கங்காணி பாதையில் நின்றார். அன்றைக்கு எனக்கு அரைப்பேர்தான், அரைநாள் கூலிதான் விழுந்தது. அதைப் பொறுத்திருப்பேன். என் நிரையைக் கிள்ளியதற்காக அந்த அக்காவுக்கும் அரைப்பேர் போட்டார்கள். காலங்காலமாக ஒருத்திக்கு ஒருத்தி செய்துவந்த உதவியை ஒரே நாளில் குற்றமாக்கிவிட்டார்கள். மறுநாளும் அவள் இறங்கச் சொன்னாள். அவள் பிள்ளைகளின் சோற்றில் கைவைக்க எனக்கு மனம் வரவில்லை.

கட்டிய பாலைப் பீய்ச்சித்தான் விட வேண்டியிருந்தது. மண்ணில் விட்டால் எறும்பு தின்னும், எறும்பு தின்றால் பால் வற்றிவிடும் என்பார்கள். அதனால் செடிக்குள் மறைந்து, ஒரு கல்லின் மேல் பீய்ச்சினேன். என் பிள்ளை கீழே மணிக்கூட்டைப் பார்த்து யாரோ கொடுக்கும் போத்தலுக்காகக் காத்துக் கிடக்க, அவள் பால் கல்லில் வழிந்தது. எறும்பு தின்னாமலே அது வற்றியது. அந்த ஆனி மழை முடிவதற்குள் பத்து மணி வந்தாலும் நெஞ்சில் ஒன்றும் தெரியவில்லை. சாயங்காலம் மகளை மடியில் போட்டால், சப்பிப் பார்த்துவிட்டு வீறிட்டு அழுவாள். அந்த அழுகைக்கு நான் யாரைத் திட்டாமல் விட்டேன்? சாமியைக்கூட விடவில்லை.

அதே சமயத்தில் டின்னும் தீர்ந்துபோனது. சும்மா கொடுத்தது பழகும்வரைதானாம். இனித் தோட்டத்துக் கடையில் வாங்கிக்கொள்ளலாமாம். சொல்லிக்கொடுத்தது இனாம், சொல்லிக்கொடுத்தபடி செய்வதற்கு விலை. ஆயா கரண்டியைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டினாள். பிறகு கஞ்சித் தண்ணீரைக் கலக்கலாம் என்று பார்த்தாள். கஞ்சிக்கு அரிசி ஏது? வாளிதான் மூலையில் கவிழ்ந்து கிடந்ததே. டின் வந்த தைரியத்தில் லயத்தில் யாரும் பிடியரிசி எடுத்து வைக்கவில்லை. புதுச் சங்கத்தைக் கேட்கலாம் என்றால், தலைவி லீவில் சீமைக்குப் போயிருந்தார். அவர் வராமல் கூட்டம் போட முடியாது என்றார் காரியதரிசி.

மகளுக்கு வயிற்றோட்டம் கண்டது. கன்னம் ஒட்டியது, தொடைச் சதை தொங்கியது. நானும் அவள் அப்பாவும் அவளைக் கம்பளியில் சுற்றி டிக்கோயா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே இருந்த வயதான மிஸ்ஸி அவளைப் பார்த்ததும் என் மேல் பாய்ந்தார்.

"தாய்ப்பாலை ஏன் நிறுத்தினாய்?"

"நான் நிறுத்தலீங்க. தொர நிறுத்துனாரு."

அவர் பிள்ளையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். இரவும் பகலும் பார்த்து, பிள்ளையை எனக்குத் திருப்பிக் கொடுத்தார். அந்த அம்மாவுக்கு நான் இன்றைக்கும் கும்பிடு போடுவேன். ஆனாலும் கொண்டுபோன சுமைக்கும் திரும்பத் தூக்கிவந்த சுமைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் பிள்ளை பிறந்து எத்தனை மாதம் என்று கேட்டபோது, உண்மையைச் சொல்ல வெட்கப்பட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தைப்பொங்கல் கழிந்து கம்பெனி மிஸ்ஸி திரும்ப வந்தார். சுற்றுத் தோட்டங்களின் ஆயாக்களையும் எங்கள் பிள்ளைக்காம்பராவுக்கே வரவழைத்திருந்தார்கள். எங்களைக் காட்டி அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறாராம். துரை நாற்காலியில் இருந்தார், கிளாக்கர் பக்கத்தில் நின்றார். கைப்பிள்ளைக்காரிகள் எல்லாரும் வர வேண்டும் என்று அன்றைக்கு மட்டும் எங்களை மலையிலிருந்து இறக்கினார்கள். சுவரில் புதுக் காலண்டர். நான் ஐந்தாம் வகுப்புவரை தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். படத்துக்குக் கீழே இருந்ததை வாசித்தேன். 'எமது இலவசப் பயிற்சியால் வளர்ந்த தோட்டத்துக் குழந்தை' என்று போட்டிருந்தது.

"இந்தக் குழந்தையின் தாய் நமது பயிற்சியைச் சரியாகப் பின்பற்றியவர். பலனைப் பாருங்கள்" என்றார் மிஸ்ஸி, படத்தில் விரலை வைத்து.

பிறகு எங்கள் வரிசையை ஒரு பார்வை பார்த்தார். நேரே என்னிடம் வந்தார். என் இடுப்பில் இருந்த மகளின் கையை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார்.

"இதையும் பாருங்கள். சொன்னதைக் கேட்காத தாய்மாரின் பிள்ளைகள் இப்படித்தான் இருக்கும்."

அயல் தோட்டத்து ஆயாக்கள் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள்.   வாழ்நாளில் அப்படியொரு கோபம் அதற்கு முன்னும் எனக்கு வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

"மிஸ்ஸியம்மா, அந்தப் படத்துல இருக்கிறதும் இவதாங்க" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. மகளின் வலது கன்னத்து மச்சத்தைக் காட்டினேன். படத்திலும் அதே கன்னத்தில் அதே மச்சம். மூலையிலிருந்து ஆயா, "ஆமாங்க, ரெண்டும் ஒரே புள்ளதாங்க. நாந்தானே நாக்கக் காட்டிச் சிரிக்க வச்சேன்" என்றாள். மிஸ்ஸி படத்தைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். ஒரு கணம் அவர் முகம் செத்துப்போனது. இப்போதாவது ஒரு மனுஷி பேசுவாள் என்று காத்து நின்றேன். அவர் பையைத் திறந்து ஒரு டின்னை எடுத்து என் கையில் வைத்தார்.

"கவலைப்படாதீர்கள். இதைக் கொடுங்கள், தேறிவிடுவாள்" என்றார்.

"டின்னு வேணாங்க. எங்க பத்து மணிய திருப்பிக் குடுங்க" என்றேன். டின்னைத் துரையின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் வைத்தேன்.

"வாய மூடு புள்ள!" என்று கிளாக்கர் அதட்டினார். துரை எழுந்து வெளியே போனார். விருந்தாளிகளுக்குத் தேத்தண்ணி கொடுத்து, அத்தோடு கூட்டத்தை முடித்தார்கள். தரையில் கிடந்த டின்னை, நல்ல பொருள் வீணாகக் கூடாது என்று ஆயா எடுத்துச் சுவர்ப் பலகையில் வைத்தாள்.

மறுநாள் தூரத்து மலையில் பத்து மணி நிறுவை முடிந்தது. முதலில் கூடையைக் கீழே வைத்தவள் பக்கத்து நிரை அக்கா. அவளுக்குக் கைப்பிள்ளை இல்லை. அவளைப் பார்த்து அடுத்தவள் வைத்தாள். பிள்ளை பெற்றவள், பெறாதவள், பெறும் வயசு தாண்டியவள், எல்லாரும் கூடையை வைத்துவிட்டு வரிசையாகக் கீழே இறங்கினோம்.

"அத்தன பேருக்கும் அரைப்பேர் போட்டுடுவேன்!" என்று கங்காணி மேலிருந்து கத்தினார்.

"போடுங்க, போட்டுட்டு நீங்களே கொழுந்து கிள்ளுங்க" என்றாள் அக்கா, திரும்பிப் பார்க்காமல்.

தினமும் இறங்கினோம். தேயிலை அரைக்கும் ஸ்டோரில் கொழுந்து குறைந்தது. துரை பெரட்டுக்கு வந்து குதித்தார், நாங்கள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு, பத்து மணிக்கு இறங்கினோம். கடைசியில் கிட்டத்து மலையையும் அடி நிரையையும் கைப்பிள்ளைக்காரிகளுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆயா வாளியை நிமிர்த்திக்கொண்டு லயத்துக்கு வந்தாள். எனக்குப் பின்னால் பிள்ளை பெற்றவர்கள் எல்லாரும் பாலுக்கு இறங்கினார்கள். அதைப் பார்க்கும்போது மனம் நிறையத்தான் செய்தது.

ஆனால் எல்லாரும் சேர்ந்து இறங்கிய அந்த முதல் நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்றைக்கு மற்றவர்களோடு நானும் ஓடித்தான் வந்தேன். பால் இல்லை என்று தெரியும். பிள்ளை வாய் வைத்தால் திரும்ப ஊறும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள், அந்த நம்பிக்கையில் வந்தேன். சுற்றிலும், இன்னும் பால் வற்றாதவர்களின் பிள்ளைகள் சப்புக்கொட்டிக் குடிக்கும் சத்தம். மகளை மடியில் போட்டு ரவிக்கையைத் தளர்த்தினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நெஞ்சில் கையை ஊன்றித் தள்ளி, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுவர்ப் பலகையில் இருந்த டின் அவள் கண்ணில் பட்டது. இரண்டு கையையும் அதை நோக்கி நீட்டிச் சிரித்தாள். காலண்டரில் இருந்த அதே சிரிப்பு.

ஆயா என்னைப் பார்க்காமல் எழுந்துபோய் டின்னைத் திறந்தாள்.